இரண்டு பெட்டி போதும்: குறைந்த செலவில் வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்க ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலில் வாங்கிய ஸ்பீக்கர் தொகுப்பில் ஆறு பெட்டிகள் இருந்தன. அட்டைப்பெட்டியின் மேல் நான்கு இலக்க வாட் கணக்கு கொட்டை எழுத்தில் மின்னியது. பொருத்திய அன்று ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, மனமும் நிறைந்தது. பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது, பாட்டின் சொற்கள் எதுவுமே காதில் தெளிவாக விழவில்லை. அடியில் தொம் தொம் என்று ஓர் இடி, மேலே தகரத்தைச் சுரண்டுவது போல ஒரு கீச்சு. இரண்டுக்கும் நடுவே பாடகர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. குனிந்து பின்பக்கம் பார்த்தேன். கருவி எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 60 வாட் என்று ஒரு சிறு ஸ்டிக்கர் சொன்னது. 60 வாட் உள்ளே போய் ஆயிரக்கணக்கான வாட் வெளியே வர அது என்ன அட்சய பாத்திரமா?

அதே பணத்தில் உருப்படியான ஸ்பீக்கர் இரண்டு வாங்கியிருக்கலாம். புதிதாக வாங்க வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் அதுதான். கையில் பணம் குறைவாக இருந்தால் பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், பெட்டியின் தரத்தைக் குறைக்காதீர்கள். காதும் இரண்டுதான் இருக்கிறது.

முதல் வேலை: அறையை அளப்பது

இதற்குக் காசு வேண்டாம். அளவு நாடாவை எடுத்து, நீங்கள் உட்காரும் இடத்துக்கும் ஸ்பீக்கர் வைக்கப்போகும் இடத்துக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அறையின் நீள அகலத்தையும் எழுதிவையுங்கள். மேசையில் கணினிக்கு இருபுறமும் வைத்துக் கையெட்டும் தூரத்தில் கேட்பவருக்கு 3 முதல் 5 அங்குல ஊஃபர், அதாவது முன்பக்கத்துப் பெரிய கூம்பு, உள்ள சிறு பெட்டிகளே தாராளம். மூன்று மீட்டர் தள்ளி நாற்காலியில் சாய்ந்து கேட்பவர் 5 முதல் 6.5 அங்குலம் வரை பார்க்கலாம். அதற்கு மேல் போனால் பெட்டியும் பெருக்கும், விலையும் பெருக்கும்.

பிறகு அறையின் நடுவே நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டிய ஓசைக்குப் பின்னால் 'ட்ர்ரிங்' என்று ஒரு வால் நீண்டால், எதிரெதிர்ச் சுவர்கள் வெறுமையாக இருந்து ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்பீக்கரும் அந்த அறையில் கூச்சலாகத்தான் கேட்கும். தரையில் ஒரு கனத்த விரிப்பு, ஜன்னலுக்குத் தடித்த திரை, சுவரோரம் புத்தகங்கள் நிறைந்த ஓர் அலமாரி ஆகியவை இருந்தால் அந்த வால் பெருமளவு அறுந்துவிடும்.

கீழ்ஸ்தாயி ஒலி, அதாவது எல்லோரும் பேஸ் என்று சொல்வது, இதற்கெல்லாம் மசியாது. அதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். இதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்துப் பாருங்கள். 4 மீட்டர் அறை என்றால் 343ஐ 8ஆல் வகுக்க, ஏறத்தாழ 43 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண் வரும்போதெல்லாம் அறை தானே சேர்ந்து ஊதும். சுவரோரம் உட்கார்ந்தால் அது குமுறும், சரியாக நடுவில் உட்கார்ந்தால் ஏறக்குறைய காணாமலே போய்விடும். 'இந்த ஸ்பீக்கரில் பேஸ் இல்லை' என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் சில, நாற்காலியை அரை மீட்டர் நகர்த்தியிருந்தால் அந்த வீட்டிலேயே தங்கியிருக்கும்.

எந்த வகை?

கடையில் நான்கு வகை எதிர்ப்படும். ஒலிக்குச் சக்தியூட்டும் ஆம்ப்ளிஃபையரை, சுருக்கமாக ஆம்பை, தன்னுள்ளேயே வைத்திருக்கும் ஜோடி ஒன்று. ஆம்ப் தனியாக, ஸ்பீக்கர் ஜோடி தனியாக வாங்குவது இன்னொன்று. தொலைக்காட்சிக்குக் கீழே நீளமாகப் படுத்திருக்கும் சவுண்ட்பார் மூன்றாவது. ஐந்து குட்டிப் பெட்டிகளும் பேஸுக்கென்றே ஒரு சப்வூஃபரும் சேர்ந்த 5.1 தொகுப்பு நான்காவது.

நான்காவதை முதலிலேயே கழித்துவிடலாம். ஒரே பணத்தை ஆறாகப் பங்கிட்டால் ஒவ்வொரு பெட்டிக்கும் எலும்பும் தோலும்தான் மிஞ்சும். சவுண்ட்பாரில் குற்றம் இல்லை. இடமே இல்லாதவர்களுக்கும், செய்தியிலும் தொடர்களிலும் வசனம் புரிந்தால் போதும் என்பவர்களுக்கும் அது நல்ல விடை. ஆனால் பாட்டுக்கு இடம் வலம் என்று ஒரு விரிவு வேண்டும். ஒரு மீட்டர் குச்சியால் அதை இயல்பாகத் தர முடியாது.

மிஞ்சுவது முதல் இரண்டு. கையில் உள்ளது மிகக் குறைவு, வயர்களோடு மல்லுக்கட்டவும் விருப்பமில்லை என்றால் ஆம்ப் உள்ளடங்கிய ஜோடியை வாங்குங்கள். உள்ளே இருக்கும் ஆம்ப் அந்த ஊஃபருக்கென்றே பொருத்தப்பட்டது என்பதால் தவறான சேர்க்கை நேர வாய்ப்பில்லை. ஒரு குறை உண்டு. உள்ளே ஆம்ப் பழுதானால் நல்ல ஸ்பீக்கரும் அதோடு முடங்கும். கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தால் தனித்தனியாக வாங்குவதையே நான் சொல்வேன். ஒழுங்காகக் கட்டிய மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு மூன்று ஆம்ப்களைக் கண்டுவிட்டும் பாடிக்கொண்டிருக்கும்.

தனித்தனியாக வாங்குவோர் பணத்தை நூறு பங்காக நினைத்துக்கொண்டால், ஸ்பீக்கருக்கு 60, ஆம்புக்கு 30, வயருக்கும் தாங்கிக்கும் 10 என்பது என் பழக்கம். முன்பின் இருக்கலாம், ஆனால் ஸ்பீக்கரின் பங்கு பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. இரண்டு நல்ல ஆம்ப்களிடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் மயிரிழை. இரண்டு ஸ்பீக்கர்களிடையே உள்ள வேறுபாடு கதவுக்கு வெளியே நிற்பவருக்கும் கேட்கும்.

விவரக் குறிப்பை நம்புவது எப்படி

'பிஎம்பிஓ' என்ற எழுத்துகளைக் கண்டால் அந்த எண்ணை வாசிக்காமலே அடுத்த வரிக்குப் போங்கள். அது கண நேர உச்சத்தைக் காட்டுவதாகச் சொல்லப்படும் கணக்கு. அதை அளக்க ஒப்புக்கொண்ட முறை எதுவும் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய சக்தியை 'ஆர்எம்எஸ்' என்று போட்டிருப்பார்கள். அதிலும் ஒரு தந்திரம் நடக்கும். 10 சதவீதச் சிதைவோடு அளந்த எண்ணைப் போட்டால் அது பெரிதாகத் தெரியும். 10 சதவீதச் சிதைவு என்பது காதுக்கு அப்பட்டமாகக் கரகரப்பு. 1 சதவீதத்துக்கோ அதற்கும் கீழோ அளந்த எண்ணைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் அடாப்டரைப் பாருங்கள். 24 வோல்ட், 4 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் பெருக்கினால் 96 வாட். அந்த அடாப்டரோடு வரும் ஆம்ப், இடம் வலம் ஒவ்வொரு பக்கத்துக்கும் 100 வாட் தொடர்ந்து தரும் என்றால் யார் நம்புவது?

உண்மையில் வாட்டுக்காக இவ்வளவு அலைய வேண்டியதே இல்லை. இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிறையப் பணம் மிச்சமாகும். ஸ்பீக்கரின் விவரத்தில் 'சென்சிட்டிவிட்டி' என்று ஒரு வரி இருக்கும். 8 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பதே அது. சிறு பெட்டிகளில் பெரும்பாலும் 84க்கும் 90க்கும் இடையே இருக்கும். 87 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் திறந்தவெளிக் கணக்கில் ஏறத்தாழ 9.5 டெசிபல் குறையும். ஸ்பீக்கர் இரண்டு என்பதால் 3 கூடும். ஆக ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வாட் கொடுத்தால் உங்கள் காதில் 80 டெசிபல். அறைச் சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒலி வேறு சேரும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் சுமாருக்கு இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள், ஒரு வாட் என்ன செய்கிறது என்று புரியும்.

மீதி வாட்டெல்லாம் திடீரென எழும் மேள அடிக்கும் உச்சக் குரலுக்கும் கையிருப்பு. வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'இரு மடங்கு சத்தம்' என்று தோன்றச் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். ஆகவே 40 வாட் ஆம்பை விட்டுவிட்டு 60 வாட் ஆம்புக்கு அதிகம் கொடுப்பவர் வாங்குவது 2 டெசிபலுக்கும் குறைவு. அதே பணத்தில் 3 டெசிபல் கூடுதல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர் கிடைத்தால் அது ஆம்பை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சிறிய பெட்டி, ஆழமான பேஸ், அதிக சென்சிட்டிவிட்டி மூன்றும் ஒருசேரக் கிடைக்காது. இரண்டைத் தேர்ந்தெடுத்தால் மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். ஒலித்துறையில் இதை ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். உள்ளங்கையளவு பெட்டியில் பூமி அதிரும் பேஸ் என்று விளம்பரம் வந்தால் எங்கோ பூசி மெழுகியிருக்கிறார்கள். பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் அருகே ஒலியைச் செயற்கையாகத் தூக்கி ஆழம் போல ஏமாற்றுவார்கள். 'எத்தனை ஹெர்ட்ஸ் முதல்' என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஏற்ற இறக்கம் கூட்டல் கழித்தல் 3 டெசிபல் என்று குறிப்பிட்டிருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

ஓம் கணக்கு எளிது. ஆம்ப் 4 ஓம் தாங்கும் என்று எழுதியிருந்தால் 4, 6, 8 எது வேண்டுமானாலும் மாட்டலாம். 8 மட்டும் என்றிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள், சத்தத்தைக் கூட்டினால் சூடேறிப் படுத்துவிடும்.

காதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது சத்தம் கொஞ்சம் கூடுதலாக உள்ளது 'நன்றாக இருக்கிறது' என்றே தோன்றும். ஒரு டெசிபல் வேறுபாடு போதும் இந்த மயக்கத்துக்கு. விற்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கைப்பேசியில் இலவச ஒலியளவு மானிச் செயலி ஒன்றை நிறுவிக்கொண்டு இரண்டையும் ஒரே அளவில் வைத்துக் கேளுங்கள். கண்ணையும் நம்பாதீர்கள். ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரு ஆய்வாளர்கள் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை மறைத்துவைத்தும் வைக்காமலும் கேட்போரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். பெட்டியின் தோற்றமும் பெயரும் தெரிந்தபோது மதிப்பெண்கள் மாறின. மறைத்துவைத்தபோது பெரும்பாலோர் விரும்பியது, எல்லா அதிர்வெண்ணையும் ஏற்றத்தாழ்வின்றித் தந்த, பக்கவாட்டிலும் அதே தன்மையோடு ஒலித்த ஸ்பீக்கர்களை.

இதைக் கடையில் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. நீங்கள் நூறு முறை கேட்ட ஒரு பாட்டு, அதிகம் வாத்தியம் இல்லாமல் ஒரு மனிதக் குரல் முன்னால் நிற்பது, போதும். தெரிந்தவரின் பேச்சைப் பதிவுசெய்து கொண்டுபோனால் இன்னும் நல்லது. குரல் மூக்கால் பேசுவது போலவோ, பானைக்குள்ளிருந்து வருவது போலவோ இருந்தால் அந்த ஸ்பீக்கர் வேண்டாம். பிறகு பக்கவாட்டில் நடந்து பாருங்கள். இரண்டடி நகர்ந்ததும் பளபளப்பெல்லாம் செத்துவிட்டால் வீட்டில் ஒருவர் மட்டுமே உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும். கடைசியாகச் சத்தத்தை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். நம் வீட்டில் நாம் பெரும்பாலும் கேட்கப்போவது அந்த அளவில்தான்.

கேட்டுப் பார்க்க வழியில்லாமல் இணையத்தில் வாங்குவோர், ஸ்பீக்கரைச் சுற்றிலும் 10 பாகைக்கு ஒன்றாக 70 இடங்களில் அளந்து வரையும் 'ஸ்பினோரமா' வரைபடம் அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று தேடுங்கள். மேல் கோடு ஓரளவு சமதளமாகவும் அதற்கு அடுத்துக் கீழே உள்ள கோடுகள் மேடு பள்ளமின்றிச் சரிந்தும் போனால் தைரியமாக வாங்கலாம். திருப்பி அனுப்பும் வசதி உள்ள இடத்தில் வாங்கி, அட்டைப்பெட்டியைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பழையது வாங்குவோருக்கு

குறைந்த பணத்தில் அதிகத் தரம் வேண்டுமென்றால் ஒருவர் பயன்படுத்திய ஸ்பீக்கர்தான் நேர்வழி. ஆனால் கையோடு ஒரு மல்டிமீட்டரும் ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியும் கொண்டுபோங்கள்.

முன்பக்க வலையைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மறுத்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். ஊஃபரின் விளிம்பு வளையம் ரப்பர் என்றால் நீண்ட காலம் உழைக்கும். நுரை என்றால் 10, 20 ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிரும். நான் ஒருமுறை வலையைக் கழற்றாமல் வாங்கிவந்து, வீட்டில் விரலால் தொட்டதும் வளையம் முழுவதும் மண்ணாகக் கொட்டியது. புது வளையம் ஒட்டிச் சரிசெய்யலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்திருக்க வேண்டும். எனக்கு அப்போது அது தெரியவில்லை.

கூம்பின் மேல் இரண்டு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் சுருள் கெட்டுவிட்டது. மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் சுமாருக்குக் காட்டும். அது குறையன்று, நேர்மின்சாரத்துக்கு அப்படித்தான் காட்டும். அளவே காட்டாவிட்டால் உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. பேட்டரியைக் கண நேரம் முனைகளில் தொட்டால் 'டப்' என்று கேட்டு ஊஃபர் அசைய வேண்டும். மேல்ஸ்தாயி ஒலி தரும் சிறு ட்வீட்டரை இந்தச் சோதனை காட்டாது. அதற்குப் பாட்டைப் போட்டுக் காதை அருகில் கொண்டுபோவதுதான் வழி.

ஆம்பில் ஒலிக் குமிழைத் திருப்பும்போது கரகரப்பது பெரும்பாலும் தூசி, தொடுமுனை சுத்தம் செய்யும் தெளிப்பான் போதும். ஒரு பக்கம் விட்டு விட்டு வந்தால் தள்ளி நில்லுங்கள். ஏவி ரிசீவர், அதாவது படம் பார்க்கப் பல ஸ்பீக்கர் மாட்டும் ஆம்ப், பழையதாகக் கிடைத்தால் ஒதுக்கிவிடாதீர்கள். படத்துக்கான எச்டிஎம்ஐ பழசாகிவிட்டது என்பதற்காக அந்த ரிசீவர்களின் விலை சரிந்துகொண்டே போகும், உள்ளிருக்கும் ஆம்ப் பழசாவதில்லை. இரண்டு ஸ்பீக்கரை மட்டும் மாட்டிக் கேட்க அவை அருமையானவை.

மாட்டுவது, வைப்பது

வயருக்குத் தங்கமுலாம் கதைகள் உண்டு. அவற்றைக் கேட்டுவிட்டு மறந்துவிடுங்கள். வீட்டளவு தூரத்துக்கு 1.3 சதுர மில்லிமீட்டர் தடிமனுள்ள சுத்தமான செம்பு வயர் போதும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் கடைகளில் இருக்கும், வயர் மலிவாக இருந்தால் அந்த வகையா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது ஆம்ப் அணைந்திருக்கட்டும். இரண்டு முனையின் பிரிகளும் ஒன்றையொன்று தொட்டால் ஆம்ப் போய்விடும். சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் பேஸ் கரைந்து, குரல் அறை முழுவதும் இடம் தெரியாமல் மிதக்கும். புது ஸ்பீக்கர் சரியில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

தொலைக்காட்சியிலிருந்து ஆப்டிகல் வயர் மாட்டி ஒலியே வராவிட்டால் பதற வேண்டாம். தொலைக்காட்சியின் அமைப்பில் ஒலி வெளியீட்டை 'பிசிஎம்', அதாவது சுருக்காத சாதாரண ஒலி, என்று மாற்றுங்கள். ப்ளூடூத் அன்றாடத்துக்குப் போதுமானது. படம் பார்க்கும்போது உதடும் சொல்லும் பொருந்தாமல் போனால் மட்டும் வயருக்கு மாறுங்கள்.

ஸ்பீக்கர்கள் இரண்டும் உங்கள் தலையும் சம பக்க முக்கோணமாக இருக்கட்டும். ட்வீட்டர் காது உயரத்தில் வர வேண்டும், தாங்கி வாங்கப் பணமில்லையென்றால் கனமான மரக்கட்டை போதும். மூலையில் ஒட்டிவைத்தால் பேஸ் வீங்கிக் குரலை விழுங்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கேளுங்கள், பிறகு இரண்டு சாண். பாடகர் இரண்டுக்கும் நடுவே வெற்றிடத்தில் நிற்பது போலத் தோன்றும் வரை ஸ்பீக்கரின் முகத்தை உங்கள் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். இதற்கு ஒரு மாலைப் பொழுது ஆகும்.

சப்வூஃபர் ஆசை இருந்தால் ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். அதன் பிறகும் குறை தெரிந்தால் வாங்கி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபருக்கு, மேலே ஸ்பீக்கர்களுக்கு என்று பிரிப்பு வைத்துத் தொடங்குங்கள். எங்கே வைப்பது என்பதற்கு ஒரு வழி இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் நாற்காலியில் வையுங்கள். பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எந்த இடத்தில் வீங்காமலும் மெலியாமலும் சீராகக் கேட்கிறதோ அங்கே அதை இறக்கிவிட்டு, நீங்கள் நாற்காலிக்குத் திரும்பலாம். தவழும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்வது நல்லது. நான் சாத்தவில்லை, வீட்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.